மழைக்கு முன் பிரேக்கைப் பிரித்து கிரீஸ் வையுங்கள்

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் செய்யாரிலும் ஆரணியிலும் வாட்டர் சர்வீஸ் கடைகளில் இடம் கிடைக்காது. பம்பு வைத்துப் பீய்ச்சியடித்துக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி இறக்கியதும் வண்டி புதிதுபோல ஆகிவிடும். அடித்த தண்ணீரில் கொஞ்சம் மட்டும் பிரேக் டிரம்முக்குள்ளும், கேலிப்பர் பின்களின் ரப்பர் உறைக்குள்ளும் தங்கிவிடுகிறது. அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவது வழக்கம். அதற்குள் துரு பிடித்துவிடும். ஆகவே இந்த வருடம் கழுவிய கையோடு இரண்டு சக்கரத்தின் பிரேக்கையும் பிரித்து, துடைத்து, கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள்.

எல்லோரையும்விட முந்திக்கொள்ள வேண்டியவர்கள் பாரம் ஏற்றுகிறவர்கள். ஆரணியிலிருந்து சேலைக் கட்டு ஏற்றிக்கொண்டு செய்யார் வழியாகக் காஞ்சிபுரம் போகிற எக்ஸ்எல் மொபெட்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னும் பின்னும் டிரம் பிரேக்தான். சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடிந்து விடியலில் ஈரச் சாலையில் திரும்புகிறவர்களும் தள்ளிப்போட வேண்டாம். சம்பா நடவு நேரத்தில் டிராக்டரின் கேஜ் வீல் தார்ச்சாலையில் கொட்டிவிட்டுப் போகும் சேறு எந்த டிரம்மையும் விடாது.

இனி கிரீஸ் விஷயம். நம் பக்கத்து மெக்கானிக் கடைகளில் பெரும்பாலும் ஒரே டப்பாதான் இருக்கும்: ஏபி3 என்கிற லித்தியம் கிரீஸ். வீல் பேரிங்குக்கு நல்ல கிரீஸ்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே விரலால் அதே கிரீஸை டிஸ்க் பிரேக்கின் கேலிப்பருக்குள்ளும் தடவிவிடுவதுதான் தகராறு. 'இத்தனை வருஷமா வீல் ஆயில் சீல்ல படுது, ஒண்ணும் ஆகலையே சார்' என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. அந்த ஆயில் சீல் நைட்ரைல் ரப்பர். பெட்ரோலிய எண்ணெயைத் தாங்கும். கேலிப்பரின் பிஸ்டன் சீல் ஈபிடிஎம் என்கிற வேறு ரப்பர். அது டாட் 3, டாட் 4 பிரேக் ஆயிலோடு ஒத்துப்போகும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். ஏபி3 மட்டுமல்ல, கழுவுவதற்கு ஊற்றுகிற பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாமே அதற்கு எதிரிதான்.

சீல் உப்பினால் என்ன? பிரேக் பிடிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர, அதைக் கவ்விக்கொண்டிருக்கும் சீல் லேசாக முறுக்கிக்கொள்கிறது. கையை விட்டதும் அந்த முறுக்கு அவிழ்ந்து பிஸ்டனைப் பின்னே இழுக்கிறது. பிஸ்டனைத் திரும்பக் கொண்டுவர வேறு ஸ்பிரிங் எதுவும் கிடையாது. உப்பிய சீல் இந்த வேலையைச் செய்யாது. பேட் டிஸ்கை உரசிக்கொண்டே ஓடும், டிஸ்க் கொதிக்கும், மைலேஜ் குறையும், மோசமான நேரத்தில் சக்கரம் இறுகும்.

எனவே கேலிப்பருக்குள் பெட்ரோலிய கிரீஸ் ஒரு துளியும் வேண்டாம். பிஸ்டனையும் சீலையும் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பூட்டினாலே போதும். விரும்பினால் ரப்பர் கிரீஸ் என்று விற்கிற சிவப்பு கிரீஸை மெலிதாகத் தடவலாம். அது ஆமணக்கெண்ணெயை அடிப்படையாகக் கொண்டது, ரப்பரைக் கெடுக்காது. (அதற்காக வீட்டிலிருக்கிற விளக்கெண்ணெயை ஊற்றிவிடாதீர்கள்.) கேலிப்பர் முன்னும் பின்னும் நகர்கிற ஸ்லைடு பின்களுக்கு சிலிக்கோன் கிரீஸ், சில கேலிப்பர் கிட்டுகளில் சின்னப் பாக்கெட்டாகக் கூடவே வரும். பின்னைத் துடைத்து, துருவை உப்புத்தாளால் நீக்கி, மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். குழிக்குள் கிரீஸை அடைத்தால் உள்ளே சிக்கும் காற்று பின்னை வெளியே தள்ளும். ஒரு பேட் தேய்ந்து மறுபேட் புதிதாக இருந்தால் பெரும்பாலும் பின் இறுகியதுதான் காரணம். கை லிவர் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனை அழுத்துகிற முனையிலும் சிலிக்கோன்தான்.

டிரம் பிரேக்கின் கதை வேறு. அங்கே ரப்பரைவிடச் சூடும் தண்ணீரும்தான் பிரச்சினை. மலிவான மஞ்சள் சேசிஸ் கிரீஸ் தண்ணீரைத் தாங்கும். ஆனால் சுண்ணாம்புச் சோப்பில் ஆனது என்பதால் சுமார் 100 டிகிரிக்குள் உருகி லைனிங்கில் ஒழுகிவிடும். சாதாரண லித்தியம் 180 டிகிரி வாக்கில் இளகும். லித்தியம் காம்ப்ளெக்ஸ் 250 டிகிரியைத் தாண்டியும் நிற்கும். பாரம் ஏற்றுகிற வண்டிக்கு லித்தியம் காம்ப்ளெக்ஸ் அல்லது மாலிப்டினம் கலந்த ஹை டெம்பரேச்சர் கிரீஸ் கேட்டு வாங்குங்கள். சின்ன டப்பா ஒன்று பல வருடம் வரும்.

வைக்க வேண்டிய இடம் மூன்றுதான்: பிரேக் கேமின் தண்டு, கேம் ஷூவைத் தள்ளுகிற முகம், ஷூவின் மறுமுனை உட்காரும் ஆங்கர் பின். கேமைக் கழற்றும் முன் அதன் மேலுள்ள புள்ளியும் ஆர்மின் புள்ளியும் எப்படி நேராக இருக்கின்றன என்று பார்த்துவையுங்கள். தண்டின் துருவை உப்புத்தாளால் தேய்த்து, பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, தண்டுக்கு மெல்லிய பூச்சு, மற்ற இரண்டு இடங்களுக்கும் ஆளுக்கொரு உளுந்து அளவு. அதற்கு மேல் வைக்கும் கிரீஸ் எல்லாம் சூட்டில் ஷூவுக்குத்தான் போய்ச் சேரும். முன்சக்கரத்தின் ஸ்பீடோமீட்டர் பல்லுக்கு வைக்கும் கிரீஸிலும் இதே கஞ்சத்தனம் வேண்டும். டிரம்மில் உள்ள தூசியை ஏர் பிடித்து ஊதச் சொல்லாதீர்கள். சில லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைப்பதே சரி.

பேட், டிஸ்க், ஷூ லைனிங், டிரம்மின் உட்சுவர் நான்கிலும் எந்த கிரீஸும் படக்கூடாது. கீச்சென்று சத்தம் வந்தால் பேட்டின் பின்பக்க இரும்புத் தகட்டில் அதற்கென்றே விற்கும் பேஸ்டை மெலிதாகத் தடவலாம், அதுவும் பிஸ்டன் ரப்பரில் படாமல்.

கேலிப்பரைப் பிரித்தால் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155க்கு இறங்கிவிடும். திறந்து வைத்த பழைய பாட்டிலைப் பயன்படுத்த வேண்டாம். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அப்படிப்பட்ட வண்டியில் ஆயில் மாற்றும் வேலையை அதற்கான கருவியுள்ள சர்வீஸ் சென்டரில் விடுவது நல்லது. 125 சிசி வரையுள்ள பல வண்டிகளில் ஒரு லிவரோ பெடலோ இரண்டு சக்கரத்தையும் பிடிக்கும் சிபிஎஸ் இருக்கும். வேலை முடிந்ததும் இரண்டும் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

வண்டியை எடுக்கும் முன் சென்டர் ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். பிறகு காலியான தெருவில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள். கிரீஸ் குடித்த ஷூவையோ பேட்டையோ 'பெட்ரோல்ல கழுவித் தேய்ச்சுப் போட்டுடலாம் சார்' என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம். புது செட் வாங்கிப் போடச் சொல்லுங்கள்.