பங்காளி மௌத்தானால் கடை யாருக்கு?

"மச்சானுக்கும் மச்சானுக்கும் இடையில் எழுத்து எதற்கு?" என்று சொல்லித்தான் நம்மவர்களில் பலர் கூட்டு வியாபாரம் ஆரம்பிக்கிறார்கள். தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் (அல்பகரா 282) குர்ஆனிலேயே மிக நீண்டது என்பதை மறந்துவிடுகிறோம்.

புறக்கோட்டையில் எனக்குத் தெரிந்த இருவர் புடைவைக் கடை நடத்தினார்கள். ஒருவரின் பணம், மற்றவரின் உழைப்பு, இலாபத்தில் பாதி பாதி. பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு பிரச்சினையும் இல்லை. பணம் போட்டவர் திடீரென மௌத்தானார். வியாபாரப் பெயர்ப் பதிவும் வங்கிக் கணக்கும் மற்றவரின் பெயரில். அவர் கெட்டவரல்ல. அன்று வாங்கிய 6 இலட்சத்தைத் தருகிறேன் என்றார். கடையில் இருந்த சரக்கோ அதைவிடப் பல மடங்கு. இன்றும் இரு குடும்பத்துக்கும் பேச்சில்லை.

நீதிமன்றம் போகலாமே என்பீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, முதல் 1000 ரூபாவுக்கு மேற்பட்டால் கூட்டு வியாபாரத்தை நிரூபிக்கக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். 1000 ரூபாவில் இன்று பெட்டிக்கடைகூடப் போட முடியாது!

எழுதுபவர்களும் இலாபத்தைத்தான் எழுதுகிறார்கள். நட்டம்? இலங்கையில் பொருந்துவது 1890ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பங்குடைமைச் சட்டம். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமம் என்றே அது கொள்ளும். ஷரீஅத்தில் அப்படியல்ல. முழாரபாவில், உழைப்பவர் கவனயீனமாக நடந்தாலன்றி, பண நட்டம் முழுவதும் பணம் போட்டவருக்கே. மற்றவருக்கு உழைத்த உழைப்பு வீண். இருவரும் பணம் போட்டிருந்தால் முதலின் விகிதப்படி நட்டம். இதை எழுதிக்கொண்டால்தான் பங்காளிகளுக்கிடையில் செல்லும். (வெளிக் கடன்காரருக்கு இருவருமே பொறுப்பு; அது வேறு.) இலாபத்தை "மாதம் 20,000" என்று எழுதாதீர்கள், வட்டியில் போய் முடியும். நூற்றுக்கு இத்தனை என்று எழுதுங்கள்.

அடுத்தது மௌத்து. வேறு விதமாக எழுதியிராவிட்டால், ஒரு பங்காளி மௌத்தானதும் கூட்டு கலைந்துவிடும் என்கிறது அதே சட்டம். அப்போது சரக்கை யார் எண்ணுவது? கொள்விலைக்கா, அன்றைய விலைக்கா மதிப்பது? கடன் கொப்பியில் நிற்கும் பணம் என்னாவது? கடையின் கீ மணியில் பங்கு உண்டா? வாரிசுகளுக்கு எத்தனை மாதத்தில் கொடுப்பது? அந்தப் புடைவைக் கடையில் இவற்றில் ஒன்றுக்காவது விடை எழுதப்பட்டிருக்கவில்லை.

சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு எழுதி, இருவரும் இரு பிரதிகளில் ஒப்பமிடுங்கள். வியாபாரப் பெயரையும் இருவர் பெயரிலும் பதியுங்கள். ஆனால் பதிவுத் துண்டு ஒப்பந்தமாகாது. உங்கள் பிரதியைக் கடை லாச்சியில் போடாமல் வீட்டில் வைத்து, மனைவிக்கும் இடத்தைக் காட்டிவிடுங்கள்.