பெயரைத் தொடும் வரி



ஒருவர் மீது குற்றம் சுமத்தும் செய்தியின் கடைசியில் ‘என்று கூறப்படுகிறது’ என்று சேர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று செய்தியாளர்கள் பலர் இன்னும் நம்புகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. அடுத்தவர் சொன்ன அவதூறை அச்சேற்றுகிறவரும் பதில் சொல்லியாக வேண்டும்.

‘உண்மையைத்தானே எழுதினோம்’ என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல. இழப்பீடு கேட்கும் சிவில் வழக்கில் அந்த வாதம் நிற்கும். கிரிமினல் வழக்கில், அந்த உண்மை பொது நன்மைக்காக வெளியிடப்பட்டது என்றும் காட்ட வேண்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499ஆவது பிரிவு இப்படித்தான் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவும் அதையே சொல்கிறது. பொடிவைத்து எழுதினாலும் குற்றம்தான். இரண்டாண்டு வரை சிறை உண்டு. எழுத்துக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் இந்த ஏற்பாடு ஜனநாயகத்துக்குப் பொருந்தாதது. ஆனாலும் 2016இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது.

நிருபர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய தீர்ப்பு வேறொன்று இருக்கிறது. மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் இருந்தபடி தன் வரலாற்றை எழுதினார். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் சிலர் தன்னோடு நெருக்கமாக இருந்ததாக அதில் சொல்லியிருந்தார். அதை வெளியிடப்போவதாக ‘நக்கீரன்’ பத்திரிகை அறிவித்ததும், எல்லாம் பொய், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை என்று சிறைத் துறையிடமிருந்து கடிதம் வந்தது. பத்திரிகை உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி எழுதிய தீர்ப்பு, அவதூறு வரும் என்று அஞ்சி அரசோ அதிகாரிகளோ வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது என்றது. பணி சார்ந்த நடத்தைக்காக அதிகாரி இழப்பீடு கேட்டால், எழுதியது பொய் என்பதோடு, உண்மையைப் பற்றிக் கவலைப்படாமலே எழுதப்பட்டது என்பதையும் அவர் நிரூபிக்க வேண்டும். நியாயமாக விசாரித்துத்தான் எழுதினோம் என்று பத்திரிகை காட்டினால் போதும்.

தனி மனிதரின் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு பற்றி அனுமதியின்றி எழுதக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் உள்ளதை எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயர் அங்கே இருந்தாலும் வெளியிடக் கூடாது.

ஆகவே, விசாரித்ததற்கான தடயம் உங்கள் கையில் இருக்கட்டும். ஆவணத்தின் நகல், பேசியவரின் பெயர், தேதி எழுதிய குறிப்பேடு எதையும் தூக்கிப்போடாதீர்கள். குற்றம் சாட்டப்படுகிறவரை அச்சுக்குப் போகும் முன் அழைத்துக் கேளுங்கள். அவர் மறுத்தால் அந்த மறுப்பையும் அதே செய்தியில் போடுங்கள்.