மறுமொழி வாராத மாதங்கள்

மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் பெங்களூருக்குப் புறப்படும் ரயில் வண்டியைத் தங்கவயல் அன்பர்கள் நன்கு அறிவர். 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், அவ்வண்டியே பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடும் வண்டியாயிற்று. வேலைக்குப் போவோரோடு வேலை தேடப் போவோரும் அதில் அமர்ந்து செல்கின்றனர். நேர்காணலுக்குச் சென்று திரும்பிய இளைஞரிடம் நாம் கேட்கும் முறையீடு பெரும்பாலும் ஒன்றே: ‘இல்லை என்று சொல்லியிருந்தாலும் தாழ்வில்லை ஐயா, ஒன்றுமே சொல்லாமல் இருக்கிறார்களே!’ இப்பாடம் அம்முறையீட்டை எடுத்துக்கொண்டு ஆராய்கிறது.

நம் படிப்பகத்துக்கு வழக்கமாக வரும் தம்பி ஒருவர் பெங்களூர் நிறுவனமொன்றில் மூன்று சுற்று நேர்காணலையும் முடித்தார். மூன்றாம் சுற்றில் அவர்கள் சிரித்துப் பேசினராம். எப்பொழுது சேர இயலும் என்றும் வினவினராம். வேலை கிடைத்ததாகவே எண்ணி, வேறிடங்களுக்கு விண்ணப்பம் அனுப்புவதை அவர் நிறுத்திவிட்டார். ஒரு மாதம் சென்றது. இரண்டாம் மாதமும் சென்றது. அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு மறுமொழி இல்லை. தம்முடைய ஆங்கிலப் பேச்சிலோ, முகவரியிலோ, தந்தையின் தொழிலிலோ குறை கண்டுவிட்டனர் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். படிப்பகத்துக்கு வருவதையும் குறைத்துவிட்டார். நான்காம் மாதம் அதே நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. அதற்குள் அவர் நாட்கூலிக்கு ஒரு கிடங்கில் சேர்ந்து, அங்கு முன்பணமும் வாங்கியிருந்தார்.

அந்த நான்கு மாதங்களில் நிறுவனத்துக்குள் நடந்தது யாது? அவர் பின்னர்க் கேட்டறிந்து நமக்கு உரைத்தார். அது பல இடங்களில் நடப்பதுதான் ஆகையால் சற்று விரித்துச் சொல்வோம்.

ஓரிடத்துக்கு ஐவரை நேர்காணல் செய்து, அவருள் ஒருவரை முதலாமவராகத் தெரிந்தெடுக்கின்றனர் என்று கொள்வோம். அவர் பெரும்பாலும் வேறோரிடத்தில் பணியில் இருப்பவர். விலகல் கடிதம் கொடுத்த பின்னும் நோட்டீசுக் காலம் முடியும்வரை பழைய நிறுவனம் அவரை விடுவதில்லை. மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் இக்காலம் 60 நாள் அல்லது 90 நாள். இடையில் அவருக்கு மேலும் உயர்ந்த சம்பளத்தில் மற்றோர் அழைப்பு வரலாம். பழைய முதலாளியே ஊதியத்தைக் கூட்டி அவரை நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே, அவர் வந்து கையெழுத்திடும் நாள்வரை இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் ‘இல்லை’ என்று எழுத நிறுவனத்துக்கு மனம் வருவதில்லை. எழுதிவிட்டால் அவர்கள் வேறு வழி பார்த்துக்கொள்வர். முதலாமவர் வாராது போனால் மீண்டும் அடியிலிருந்து ஆள் தேட வேண்டும். அந்த மௌனத்துக்கு நிறுவனத்துக்கு ஒரு காசு செலவில்லை. செலவெல்லாம் காத்திருப்பவனுடையது. நம் தம்பி இரண்டாமவர். 90 நாள் கழித்து முதலாமவர் வரவில்லை. நடந்தது இவ்வளவே. அவருடைய ஆங்கிலத்தைப் பற்றியோ, முகவரியைப் பற்றியோ அங்கு ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வேறு காரணங்களும் உண்டு. நேர்காணல் முடிந்தபின் அவ்விடத்துக்கான செலவு அனுமதி நிறுத்திவைக்கப்படலாம். ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவரே வேலையை விட்டுச் சென்றிருக்கலாம். ஒரே விளம்பரத்துக்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிய, கணிப்பொறி ஒதுக்கியவற்றை ஒரு மனிதரும் பாராதிருக்கலாம். கடிதம் கைக்கு வந்தபின்னும் காத்திருப்பு முடிவதில்லை. 2022ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற பொறியியல் மாணவர் பலர், பெரிய மென்பொருள் நிறுவனங்களின் பணி வாய்ப்புக் கடிதத்தைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, சேரும் நாள் அறியாமல் ஓராண்டுக்கு மேலும் காத்திருந்தனர்.

விண்ணப்பித்தவனுக்கு இத்தனை நாளுக்குள் விடை கூறுக என்று தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் பொதுச் சட்டம் நம் நாட்டில் இல்லை. 1959ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பகச் சட்டம், காலியிடங்களை வேலைவாய்ப்பகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்றதேயன்றி, வந்தவர்க்கு மறுமொழி கூற வேண்டும் என்று சொல்லவில்லை. இது செய்ய இயலாத காரியமோ எனின், அன்று. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில், 25 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்கள், பொது விளம்பரத்தின் வழி நேர்காணலுக்கு அழைத்தவர்க்கு 45 நாளுக்குள் முடிவின் நிலையைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2026ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. இங்கு அவ்விதி வரும்வரை நாம் செய்யக்கூடியது, நேர்காணல் முடிந்து எழுமுன்பே ‘முடிவை எந்நாளுக்குள் தெரிவிப்பீர்கள்? யாரிடம் கேட்கலாம்?’ என்று பணிவாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது. கேட்பதனால் வேலை போய்விடும் என்று நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். வேலைக்கு வருபவன் தன் நாட்களைக் கணக்கிடுபவன் என்று தெரிவதில் இழுக்கு ஏதும் இருப்பதாக நாம் கருதவில்லை.

இனி அரசுப் பணிகளுக்கு வருவோம். இங்குக் காத்திருப்பு மாதக் கணக்கில் அன்று, ஆண்டுக் கணக்கில் நிகழ்கிறது. ரயில்வேயின் 2019ஆம் ஆண்டு அறிவிப்புகளையே சான்றாகக் கொள்வோம். அவ்வாண்டு பிப்ரவரியில் இரண்டு அறிவிப்புகள் வெளிவந்தன. ஒன்று எழுத்தர், நிலைய அதிபர் முதலிய 35,000க்கு மேற்பட்ட இடங்களுக்கு. மற்றொன்று தண்டவாளப் பராமரிப்பாளர் முதலிய முதல்நிலைப் பணிகளில் 1,03,769 இடங்களுக்கு. முன்னதற்கு ஏறக்குறைய 1 கோடியே 25 இலட்சம் விண்ணப்பங்களும், பின்னதற்கு 1 கோடிக்கு மேற்பட்டனவும் வந்தன. முன்னதன் முதற்கட்டத் தேர்வு 2020 டிசம்பர் 28ஆம் நாள்தான் தொடங்கிற்று. 2021 சூலை வரை பல கட்டங்களாக நடந்தது. முடிவு 2022 சனவரியில் வந்தது. பின்னதன் தேர்வோ 2022 ஆகஸ்டு 17ஆம் நாள் தொடங்கிற்று. விண்ணப்பம் இட்டதற்கும் தேர்வுக் கூடத்தில் அமர்ந்ததற்கும் இடையே மூன்றரை ஆண்டு! கொள்ளைநோய் ஒரு காரணம்; கோடிக்கணக்கானவர்க்குப் பல வேளைகளில் கணிப்பொறித் தேர்வு நடத்தும் ஏற்பாடு மற்றொரு காரணம்.

2022 சனவரியில் முடிவு வந்தபொழுது, ஒருவர் பெயரே பல ஊதிய நிலைகளின் பட்டியல்களில் இடம் பெற்றதனால் பிறர்க்கு வழி அடைபட்டது என்ற குறை எழுந்தது. மூன்றாண்டு அடங்கியிருந்த மனக்குமுறல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் வெடித்தது. குடியரசு நாளன்று கயையில் ரயில் பெட்டிகள் எரிந்தன. வன்செயலை நாம் ஒப்பவில்லை. ஆயினும், சொல்லவேண்டியதைச் சொல்ல வேண்டிய காலத்தில் சொல்லாதிருந்ததன் விளைவை அந்நெருப்பில் கண்டோம். அரசு ஒரு குழுவை அமைத்து, அடுத்த தேர்வுகளை நிறுத்தி, பின்னர்ப் பட்டியலைத் திருத்தியமைத்தது. 2024ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் ஆள்சேர்ப்புக்கு ஓர் அட்டவணை வெளியிடும் முறையையும் ரயில்வே தொடங்கிற்று.

அந்த மூன்றரை ஆண்டில் இளைஞன் ஒருவன் இழப்பது யாது? வயது கணக்கிடும் நாள் அறிவிப்பிலேயே குறிக்கப்படுவதால், அந்தத் தேர்வுக்குத் தாமதத்தால் வயது கடந்துவிடாது. வேறு தேர்வுகளுக்கு அவன் வயது கடந்துகொண்டே போகிறது. ‘ரயில்வே முடிவு வரட்டும்’ என்று தொழிற்பயிற்சியைத் தள்ளிப் போட்டவர்களையும், தங்கையின் திருமணத்தைத் தள்ளிப் போட்டவர்களையும் நாம் அறிவோம். பட்டியலில் பெயர் வந்துவிட்டால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. தேர்வுப் பட்டியலில் பெயர் இருப்பதனாலேயே பணி நியமனம் கோரும் அசைக்க முடியாத உரிமை பிறந்துவிடாது என்றும், அதே வேளையில் அரசு மனம் போனபடி நியமனத்தை மறுக்கவும் கூடாது என்றும், உச்சநீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு 1991ஆம் ஆண்டில் சங்கர்சன் தாஸ் வழக்கில் தீர்ப்பளித்தது. நியமன உத்தரவு கையில் வரும்வரை செய்து வரும் வேலையை விடலாகாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டா.

அரசுப் பணியில் நமக்கு ஒரு வசதி உண்டு. கேட்க உரிமை இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய்க் கட்டணத்துடன் மத்திய அரசு அலுவலகம் எதற்கும் மனு எழுதலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கு அக்கட்டணமும் இல்லை. 30 நாளுக்குள் விடை வரவேண்டும். வாராவிடில் மேல்முறையீடு செய்யலாம். ‘எனக்கு ஏன் வேலை தரவில்லை?’ என்று எழுதினால் பயன் இராது. அச்சட்டம் ஆவணத்தில் உள்ளதைத் தரச் சொல்கிறதே தவிர, விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. என் பதிவெண்ணுக்குரிய மதிப்பெண் யாது, என் பிரிவில் கடைசியாகத் தெரிவானவரின் மதிப்பெண் யாது, இன்று நிரம்பாத இடங்கள் எத்தனை, என் சான்றிதழ் சரிபார்ப்புக் கோப்பு எந்த அலுவலகத்தில் எந்நாள் முதல் உள்ளது என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

நம்மவர்க்கே உரிய தாமதம் ஒன்றும் உண்டு. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணையில் பௌத்தர் இடம் பெற்றது 1990ஆம் ஆண்டுத் திருத்தத்தினால்தான். ஆதலின் பௌத்தர் என்று எழுதுவதனால் ஒதுக்கீடு போய்விடாது. மறைத்து எழுதிவிட்டுச் சான்றிதழில் வேறாகக் காட்டுவதே சரிபார்ப்பில் சிக்கலை உண்டாக்கும். மத்தியப் பணிக்கு மத்திய அரசு குறித்த படிவத்திலேயே சான்றிதழ் வேண்டும். மதம் மாறியபொழுது பெயரையும் மாற்றிக்கொண்டோர், பள்ளிச் சான்றிதழின் பெயரும் இன்றைய பெயரும் ஒருவரையே குறிக்கும் என்பதற்கான அரசிதழ் அறிவிப்பை விண்ணப்பிக்குமுன் பெற்று வைக்க வேண்டும். முடிவு வந்தபின் ஓடினால் அங்கேயும் சில மாதங்கள் போகும்.

கைப்பேசி எண்ணைப் பற்றி ஒரு சொல். அழைப்பெல்லாம் விண்ணப்பத்தில் கொடுத்த எண்ணுக்கும் மின்னஞ்சலுக்குமே வருகின்றன. நெடுநாள் பணம் கட்டாமல் விட்ட எண் அணைக்கப்பட்டு, வேறொருவருக்குப் போய்விடுகிறது. நம் பகுதியில் ஒருவர் இவ்வாறு சான்றிதழ் சரிபார்ப்பு நாளையே தவறவிட்டார். காத்திருப்போரின் வீடு தேடி ‘உத்தரவு தயார், இரண்டு இலட்சம் கொடு’ என்று வரும் தரகருக்கோ எண் மாறினாலும் முகவரி தெரிந்துவிடுகிறது! அவர் காட்டும் முத்திரையிட்ட கடிதத்தை நம்பி நிலத்தை அடகு வைக்குமுன், அதை வாரியத்தின் வலைத்தளத்தில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

முன்னர்க் கூறிய தம்பி, முன்பணத்தைக் கழித்துவிட்டு இரண்டு மாதம் பொறுத்து அந்நிறுவனத்திலேயே சேர்ந்தார். வரும் ஞாயிறு காலை படிப்பகத்தில் தகவல் உரிமை மனு எழுதப் பழக்கும் பொறுப்பை அவரே ஏற்றுள்ளார். விண்ணப்ப எண்ணையும் அறிவிப்பின் நகலையும் அன்பர்கள் உடன் கொண்டுவருக.