வரிக்கு ஒரு காவல் எண்

நம் கடைகளின் பற்றுவரவு இன்று பேரேட்டை விட்டுக் கணினி அட்டவணைக்குப் போய்விட்டது. பேரேட்டில் ஒரு தொகையை அடித்துத் திருத்தினால் மையே காட்டிக்கொடுக்கும். கணினியிலோ 340 வெள்ளி 430 ஆகிவிட்டாலும், பார்த்த கண்ணுக்குத் தெரியாது. வாடிக்கையாளருக்கும் நமக்கும் மனத்தாங்கல்தான் மிஞ்சும். இதற்குள்ள வழி, ஒவ்வொரு வரிக்கும் ஒரு சரிபார்ப்புத் தொகை இடுவதாகும்.

இது நமக்கு முற்றிலும் புதிதன்று. நாம் விற்கும் சரக்குகளின் மேலுள்ள 13 இலக்கப் பட்டைக்குறியில், கடைசி இலக்கம் முன்னுள்ள 12 இலக்கங்களிலிருந்து கணக்கிட்டுப் பெற்றதே. அவற்றில் ஓர் இலக்கம் பிசகினால் கணக்கு ஒத்துவராது.

உதாரணம் ஒன்று பார்ப்போம். வாடிக்கையாளர் எண் 12, அரிசி 5 மூட்டை, பாக்கி 340 வெள்ளி. மூன்றையும் கூட்ட 357. இதை வரியின் கடைசியில் எழுதி வைக்கிறோம். பிறகு பாக்கி 430 ஆகிவிட்டால், மறுபடி கூட்டும்போது 447 வரும், பிழை வெளிப்படும். ஆனால் 12-உம் 5-உம் இடம் மாறினால் அதே 357தான். ஆகையால் அவற்றை முறையே 1, 2, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டவேண்டும். சரியான வரிக்கு 1042. இடம் மாறிய வரிக்கு 1049.

இதிலும் வெவ்வேறு வரிகள் தற்செயலாய் ஒரே எண்ணைத் தரக்கூடும். ஆதலால் கணினியில் இன்னும் நுட்பமான முறைகள் உள. 2002-ல் அமெரிக்க அரசு தரமாக வெளியிட்ட எஸ்.எச்.ஏ.-256 என்னும் முறை, எவ்வளவு நீண்ட வரிக்கும் 64 எழுத்துள்ள ஒரு குறியைத் தரும். வரியில் ஓர் எழுத்து மாறினாலும் குறி அடியோடு வேறாகிவிடும்.

மூன்று விஷயங்களைக் கவனிக்கவேண்டும். முதலாவது, எண்களை ஒட்டும்போது இடையில் ஒரு பிரிகுறி வேண்டும். இல்லாவிடில் 12, 5 என்பதும் 1, 25 என்பதும் 125 என ஒன்றாகிவிடும். இரண்டாவது, ஒரு வரியே காணாமற்போனால் அதன் குறியும் கூடவே போய்விடும். எனவே வரிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிடவேண்டும். மூன்றாவது, வேண்டுமென்றே தொகையை மாற்றுகிறவர் குறியையும் மாற்றக்கூடும். ஆகவே குறிகளின் நகலொன்று வேறொருவர் பொறுப்பில் இருக்கவேண்டும்.

குறி, மாறிய வரியைக் காட்டுமேயன்றிச் சரியான தொகையைச் சொல்லாது. அதைச் சொல்ல ரசீதும் பழைய நகலும்தான் உண்டு. கணினி வந்துவிட்டதென்று அவற்றை எறிந்துவிடாதிருப்போமாக.