சிங்கப்பூரிலிருந்து ஹாங்காங் வரை: கப்பலில் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் ஏறி, தாய்லாந்து, வியட்நாம் கரையோரமாகப் போய், ஹாங்காங்கில் இறங்கும் உல்லாசக் கப்பலுக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? அதற்கு முன், பயண அட்டவணையில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் இன்னொரு பெயரைப் படித்துவிடுங்கள். பாங்காக் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பக்கத்தில் லேம் சபாங். ஹோ சி மின் நகரம் என்றிருக்கும். பக்கத்தில் ஃபூ மி. ஹுவே என்றிருக்கும், பக்கத்தில் சான் மே. கப்பல் நிற்பது அந்தப் பொடி எழுத்து ஊரில்தான்.

லேம் சபாங்கிலிருந்து பாங்காக் 120 கிலோமீட்டருக்கும் மேல். நெரிசல் இல்லாத நாளில் இரண்டு மணி நேரம், இருந்தால் மூன்று. காலை ஏழு மணிக்குக் கரையணைந்து மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் கப்பலில், போகவர ஐந்து மணி நேரம் பேருந்திலேயே கழிந்தால் ஊர் பார்க்க என்ன மிஞ்சும்? ஒரே வழித்தடத்தில் இரண்டு கப்பல்கள் இருந்து, அவற்றில் ஒன்று லேம் சபாங்கிலோ ஹோ சி மின் நகரத்துக்கான துறைமுகத்திலோ இரவு தங்குகிறது என்றால், கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள். சிறிய கப்பல்கள் சைகோன் ஆற்றுக்குள் நுழைந்து ஹோ சி மின் நகரத்தின் நடுவிலேயே நிற்கும். அவற்றின் கட்டணம் அதிகம். ஆனால் மாடியிலிருந்து இறங்கி நடந்தே ஊருக்குள் போய்விடலாம்.

இந்தப் பயணம் பெரும்பாலும் 12 முதல் 14 இரவுகள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல பருவம். அக்டோபர், நவம்பரில் மத்திய வியட்நாமில் அடைமழை கொட்டும். ஹோய் ஆன் தெருக்களில் வெள்ளம் புகுவது அங்கே வழக்கமான செய்தி. டிசம்பர், ஜனவரியில் மழை குறைந்தாலும் வடகிழக்குக் காற்றில் தென்சீனக் கடல் கொந்தளிக்கும். வியட்நாமுக்கும் ஹாங்காங்குக்கும் இடையே அதை நன்றாக உணர்வீர்கள். ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வரும் வியட்நாமியப் புத்தாண்டான டெட் நாட்களில் கடைகளும் உணவகங்களும் மூடிக் கிடக்கும். எல்லாவற்றையும் சீர்தூக்கிப் பார்த்தால் டெட் முடிந்து மார்ச் நடு வரையிலான காலத்தையே நான் பரிந்துரைப்பேன். அப்போது ஹா லாங்கில் மட்டும் மூடுபனியும் தூறலும் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அறை எடுக்கும்போது பால்கனி ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இந்த வழித்தடத்தில் கடல் நாட்கள் குறைவு, பகல் முழுக்க வெளியில்தான் இருப்பீர்கள். கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் உள்ள அறைதான் நல்லது; அங்கே ஆட்டம் குறைவு. மிச்சமாகும் பணத்தைக் கரையில் செலவழியுங்கள். விளம்பரத்தில் காட்டும் கட்டணம், இருவர் ஓர் அறையைப் பகிர்ந்தால் ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேருக்கான கட்டணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். இதுபோக நாளொன்றுக்கு ஒருவருக்கு 15 முதல் 20 அமெரிக்க டாலர் வரை பணியாளர் சேவைக் கட்டணம் என்று பல நிறுவனங்கள் கணக்கில் ஏற்றும். கணவன், மனைவி இருவருக்கு 14 நாளில் அதுவே 420 முதல் 560 டாலர். வைஃபை, குளிர்பானம், கரைச் சுற்றுலா எல்லாம் தனி. கப்பல் மருத்துவரும் இலவசம் இல்லை. ஆகவே மருத்துவக் காப்பீடு கட்டாயம். நடுக்கடலிலிருந்து மருத்துவமனைக்கு மாற்றும் செலவும் அதில் அடங்குகிறதா என்று கேட்டு எடுங்கள்.

விசா விஷயத்தில் கப்பல் நிறுவனம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள். ஏறும் இடத்திலேயே தடுத்துவிடுவார்கள், பணமும் திரும்பாது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குச் சிங்கப்பூர் விசா முன்கூட்டியே தேவை. கூடவே, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். பணம் கேட்கும் தளம் என்றால் வெளியே வந்துவிடுங்கள். வியட்நாமுக்கு இ-விசா போதும். ஆனால் அது எல்லாத் துறைமுகங்களுக்கும் செல்லாது. உங்கள் கப்பல் முதலில் தொடும் வியட்நாமியத் துறைமுகமும் கடைசியாக விட்டுக் கிளம்பும் துறைமுகமும் அரசின் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்து விண்ணப்பியுங்கள். நடுவில் வேறு நாட்டுக்குப் போய் மறுபடி வியட்நாமுக்கு வரும் அட்டவணை என்றால் பலமுறை நுழையும் விசா எடுக்க வேண்டும். ஹாங்காங்குக்கு இந்தியர்கள் இணையத்தில் முன்பதிவு செய்து அந்தத் தாளை அச்சிட்டுக் கொண்டுபோக வேண்டும். அதற்கும் கட்டணம் இல்லை. தாய்லாந்து சில ஆண்டுகளாக இந்தியர்களுக்கு விசா விலக்கு தந்துவருகிறது. அந்த விதி மாறக்கூடியது, ஆகவே பணம் கட்டும்போது ஒருமுறை, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒருமுறை சரிபாருங்கள். கப்பலில் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது உண்டு. நகல் ஒன்று கைப்பையிலும் படம் ஒன்று கைபேசியிலும் இருக்கட்டும்.

பெட்டியில் மின்கெண்டி, குட்டி ரைஸ் குக்கர், இஸ்திரிப் பெட்டி எதுவும் வைக்காதீர்கள். தீ அபாயம் கருதிக் கப்பலில் ஏறும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள். சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை உண்டு; வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் அது கலந்திருந்தால் வேண்டாம். குமட்டலுக்கு மருத்துவரிடம் கேட்டு மாத்திரையும், கூடவே இஞ்சி மரப்பாவும் கொண்டுபோங்கள். மாத்திரையைக் குமட்டல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு, காற்று கிளம்பும் முன்பே போட வேண்டும். சைவச் சாப்பாடு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். முதல் நாள் இரவே உணவுக்கூட மேலாளரைப் பார்த்து இன்னொரு முறை சொன்னால், மறுநாள் முதல் பருப்பும் சாதமும் தனியாக வரும். கப்பல் துறைமுகத்தை விட்டதும் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றுங்கள். கடலில் பிடிக்கும் செயற்கைக்கோள் இணைப்பில் சில நிமிடங்கள் தரவு ஓடினாலும் பெருந்தொகை பில் வரும்.

சிங்கப்பூருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. அங்கே இரண்டு கப்பல் முனையங்கள் இருக்கின்றன: ஒன்று மரினா பே, மற்றொன்று ஹார்பர்ஃபிரண்ட். டாக்சியில் ஏறும் முன் எது என்று சீட்டைப் பாருங்கள். மரினா பே முனையத்துக்கு மரினா சவுத் பியர் எம்.ஆர்.டி. நிலையம் பக்கம்.

கிளம்பியதும் கடிகாரத்தைக் கவனியுங்கள். தாய்லாந்தும் வியட்நாமும் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால், ஹாங்காங் மறுபடியும் முன்னால். கைபேசி தானே நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் அதே நேரத்தை வைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. கப்பல் கடிகாரத்தை மட்டும் நம்புங்கள். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தை அதற்கென்றே கட்டிக்கொள்வது நல்லது.

கரைச் சுற்றுலாவைக் கப்பலிலேயே வாங்குவதா, நாமே போவதா? துறைமுகத்திலிருந்து பார்க்கும் இடம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் கப்பலின் சுற்றுலாவை எடுங்கள், விலை கூடுதல்தான். அந்தப் பேருந்து நெரிசலில் மாட்டிக்கொண்டால் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்கும். நீங்களாகப் போய்ப் பிந்தினால் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டும். பக்கத்து இடங்களுக்கு கிராப் செயலியில் வண்டி பிடித்து நீங்களே போகலாம். சிங்கப்பூர், தாய்லாந்து, வியட்நாம் மூன்றிலும் அது உண்டு, ஹாங்காங்கில் இல்லை.

லேம் சபாங்கில் ஒரே பகல் என்றால் பாங்காக்கில் இரண்டு இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்: 46 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர் இருக்கும் வாட் போ, படகில் ஆற்றைக் கடந்தால் வாட் அருண். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். இரவு தங்கும் கப்பல் என்றால் சீலோம் சாலையில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலுக்கும் நேரம் கிடைக்கும். நெடும்பயணம் முடியாத பெரியவர்களுக்கு அரை மணித் தொலைவில் பட்டாயா இருக்கிறது. அங்கே கடலை ஒட்டி, 1981இல் தொடங்கி இன்னும் செதுக்கிக்கொண்டே இருக்கும் ‘சத்திய ஆலயம்’ முழுக்க மரத்தாலானது. பாதி நாள் நிதானமாகப் பார்க்கலாம்.

ஃபூ மியில் பார்க்க எதுவும் இல்லை, அது சரக்குத் துறைமுகம். ஹோ சி மின் நகரம் இரண்டு மணி நேரத்துக்குள். போர்க்காலக் கூ சி சுரங்கங்கள் நகரத்தையும் தாண்டி இருப்பதால் ஒரு பகலில் இரண்டையும் பார்க்க முயல வேண்டாம். போர் நினைவு அருங்காட்சியகம், 1891இல் கட்டி முடித்த தலைமை அஞ்சலகம், பென் தான் சந்தை, சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் இன்னொரு மாரியம்மன் கோயில்: இவை எல்லாம் நடக்கும் தூரம். அந்தக் கோயிலையும் தமிழர்கள்தான் கட்டினார்கள். இன்று அங்கே கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர். பணம் கொடுக்கும்போது 20,000 டாங் தாளையும் 500,000 டாங் தாளையும் பிரித்துப் பாருங்கள். இரண்டும் நீல நிறம், மதிப்பில் 25 மடங்கு வித்தியாசம். சைவ உணவகங்களின் பலகையில் சி.எச்.ஏ.ஒய். என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கும். சாய் என்று சொல்லிக் கேட்கலாம். மற்றக் கடைகளில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள்.

இனி வருவதுதான் இந்தப் பயணத்தின் நெஞ்சுப்பகுதி, அவசர அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். மத்திய வியட்நாமை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆண்டது சம்பா அரசு; சிவனையும் தேவியையும் வணங்கிய அரசர்கள், கடல் வணிகத்தில் செழித்த நாடு. அந்தக் கரையில் முதலில் வரும் ந்யா சாங் துறையில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராமல் விரிகுடாவில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்கிவிடுவது வழக்கம். அலை மிகுந்தால் இறங்குவதையே ரத்து செய்வார்கள். படியிறங்கச் சிரமப்படுகிறவர்கள் இதை முன்னதாகவே கேட்டுவைக்க வேண்டும். இறங்கினால் நேரே போ நகர் கோபுரங்களுக்குப் போங்கள். ஆற்று முகத்துவாரக் குன்றின் மேல் செங்கல் கோபுரங்கள், உள்ளே பத்துக் கைகளோடு தேவி. பழைய கல்வெட்டுகள் அவளைப் பகவதி என்கின்றன. சம்பாவின் வழிவந்த சாம் மக்களும் வியட்நாமியரும் இன்றும் ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுகிறார்கள்.

அடுத்து டா நாங். உங்கள் கப்பல் தியென் சா துறையில் நின்றால் நகரம் பக்கம். சான் மேயில் நின்றால் டா நாங், ஹுவே இரண்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல், ஹோய் ஆன் அதைவிடத் தொலைவு. சுற்றுலாப் பட்டியலில் ஹோய் ஆனின் விளக்குத் தெருக்களுக்குக் கூட்டம் முண்டும். ஹோய் ஆன் அழகான ஊர்தான். ஆனால் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நீங்கள் மி சோனுக்குப் போங்கள் என்பேன். டா நாங்கிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். நான்காம் நூற்றாண்டில் சம்பா அரசன் பத்ரவர்மன் சிவனுக்குக் கோயில் எடுத்த பள்ளத்தாக்கு அது. பிறகு சுமார் ஆயிரம் ஆண்டுகள் அரசர்கள் கட்டிக்கொண்டே இருந்தார்கள். சாந்து தெரியாத செங்கல் சுவர்கள், சுற்றிலும் மலை. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பல கோபுரங்கள் சரிந்தன. குண்டு விழுந்த பள்ளங்களைப் பாதையோரத்திலேயே பார்ப்பீர்கள். இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்தபோது, 2020இல் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் சிவலிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. வெயில் கடுமையாக இருக்கும். குடையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.

அவ்வளவு தூரம் முடியாதவர்கள் டா நாங் நகரத்துக்குள் இருக்கும் சாம் சிற்ப அருங்காட்சியகத்தில் இரண்டு மணி நேரம் செலவழியுங்கள். மி சோனிலிருந்து கொண்டுவந்த பீடங்கள், நின்ற கோலத்துப் பிள்ளையார், திரா கியூ பீடத்தில் ஆடும் பெண்கள்: நம் கோயில் தூண்களைப் பார்த்துப் பழகிய கண் அந்த முத்திரைகளை உடனே அடையாளம் காணும். முகச்சாயல் மட்டும் வேறு.

வடக்கே ஹா லாங்கில் கப்பல் நிற்கும் முனையம் 2018இல் திறந்தது, நகரத்திலேயே இருக்கிறது. ஹனோய்க்குச் சுற்றுலா விற்பார்கள். ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம், போக வேண்டாம். இருபதாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பலின் மாடியிலிருந்து பார்ப்பதைவிடச் சிறு படகில் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்கு நடுவே போவதுதான் ஹா லாங். 2025 ஜூலையில் திடீர்ப் புயலில் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து பலர் இறந்தார்கள். ஆகவே உயிர்காப்பு அங்கி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து உட்காருங்கள். வானிலை காரணமாகப் படகை ரத்து செய்தால் வாதாடாதீர்கள்.

ஹாங்காங்கில் பழைய விமான நிலைய ஓடுபாதை மேல் 2013இல் திறந்த காய் டாக் முனையம் ஒன்று, சிம் ஷா சுயில் கடைவீதியோடு ஒட்டிய ஓஷன் டெர்மினல் ஒன்று. காய் டாக்கிலிருந்து ரயில் நிலையம் பெட்டியோடு நடக்கும் தூரத்தில் இல்லை, டாக்சி எடுங்கள். எதுவானாலும் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையும் நேரத்தை முந்தின நாள் கேட்டுவைத்து, விடியுமுன் மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். ஸ்டார் ஃபெர்ரியில் ஒருமுறை போய்வாருங்கள், செலவு மிகக் குறைவு. இட்லி, தோசைக்கு ஏங்கினால் நேதன் சாலைப் பக்கம் இந்திய உணவகங்கள் உண்டு.

கடைசி இரவு பெரிய பெட்டிகளை வண்ணச் சீட்டு கட்டி அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். மறுநாள் முனையத்தில்தான் கைக்கு வரும். கடவுச்சீட்டு, ஹாங்காங் முன்பதிவுத் தாள், மாத்திரைகள், மறுநாள் உடுத்தும் உடை, செருப்பு இவற்றைப் பெட்டிக்குள் வைத்துவிடாமல் கைப்பையில் எடுத்துவையுங்கள். அறைக் கணக்கின் பில்லை அன்று மாலையே வாங்கி வரிவரியாகப் பாருங்கள். தவறு இருந்தால் அப்போதே கப்பல் அலுவலகத்தில் சொல்லுங்கள். இறங்கும் நாள் காலையில் அங்கே வரிசை நீளமாக இருக்கும்.