ஏரியா, பள்ளியா, நாற்காலியா?

சென்னை மேடவாக்கம் கூட்டுச்சாலையை ஒட்டிப் பெரிய துணிக்கடை, நகைக்கடை, சூப்பர் மார்க்கெட் கிளைகள் பெருகிவிட்டன. அவற்றில் ஒன்றின் மேலாளர் உங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு வந்து, "ஏரியாவுக்கு ஏதாவது செய்யச் சொல்லி ஹெட் ஆபீஸ்ல சொல்றாங்க சார்" என்றால் என்ன கேட்பீர்கள்? பாதிப் பேர் ஏரி என்பார்கள், மீதிப் பேர் பள்ளி என்பார்கள். யாராவது ஒருவர் தெருமுனைக்கு சிசிடிவி என்பார்; அவரை விட்டுவிடலாம்.

முதலில் அது யார் பணம் என்று பாருங்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, ஆண்டு விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு (சி.எஸ்.ஆர்.) செலவிட வேண்டும். சட்டப்படி கொடுக்கும் பணத்துக்கு யாரும் கைகட்டி நிற்க வேண்டாம். ஆனால் கடையின் பில்லைப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'லிமிடெட்' இல்லாமல் குடும்பத்தார் கூட்டாளிகளாக நடத்தும் கடை என்றால் இந்தப் பிரிவு அதைக் கட்டுப்படுத்தாது. அங்கே கிடைப்பது முதலாளியின் மனசைப் பொறுத்தது. கம்பெனி தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. கடிதத்தில் இதை எழுதுங்கள், ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். நாடு முழுக்கக் கிளை வைத்திருப்பவருக்கு மேடவாக்கம் பல வட்டாரங்களில் ஒன்று.

ஏரிதான் எல்லோருக்கும் பிடித்த தேர்வு. பொக்லைன் இறங்கியதும் படம் எடுக்கலாம், கரையில் நடைபாதை போட்டு லோகோவோடு பலகை நடலாம். மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் என்று இந்தப் பக்கத்து ஏரிகளின் உபரி நீர் கடைசியில் சேருவது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில். உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் சேர்ந்த இடம் அது. ஆகவே தேவை உண்மையானது. ஆனால் இங்கே ஏரியைக் கெடுப்பது வண்டல் மட்டும் அல்ல. வீட்டுக் குழாயும் டேங்கர் லாரியும் மழைநீர்க் கால்வாயில் விடும் கழிவுநீர் நேரே ஏரிக்குள் போகிறது. அதை நிறுத்தாமல் தூர்வாரினால் ஆகாயத்தாமரை மறுபடியும் ஏரியை மூடிவிடும்.

பக்கத்திலேயே பார்க்க வேண்டிய உதாரணம் செம்பாக்கம் ஏரி. நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட் என்ற சூழல் அமைப்புகளும் சென்னை ஐஐடியும் சேர்ந்து அங்கே இறங்கியபோது, உள்ளே வரும் கழிவுநீரை என்ன செய்வது என்பதும் திட்டத்தில் இருந்தது. இப்படி ஏரியைப் படித்த ஒரு அமைப்பு, ஏரி எந்தத் துறையின் கையில் இருக்கிறதோ அந்தத் துறையின் எழுத்துபூர்வ அனுமதி, வேலை முடிந்த பிறகு பராமரிக்க ஓர் ஆள். இந்த மூன்றும் இருந்தால் ஏரி கேளுங்கள். ஒன்று குறைந்தாலும் வேண்டாம் என்பேன். சில லட்சங்களை வைத்துக்கொண்டு ஏரி பக்கம் போகவே கூடாது.

அந்தச் சில லட்சத்துக்குப் பள்ளி பொருந்தும். 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டத்தின் வழியாக, கம்பெனி ஒரு அரசுப் பள்ளியைக் குறிப்பிட்டே கொடுக்கலாம். பணம் எங்கே போனது என்ற குழப்பம் குறைவு. மேடவாக்கத்துக்கு அடுத்த பெரும்பாக்கத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளுக்கு, நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். பள்ளிக்குச் செய்வதென்றால் அந்தப் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம். ஸ்மார்ட் போர்டு தருகிறோம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். கழிப்பறையைத் தினமும் கழுவும் ஆளுக்குச் சம்பளம் தருவது அதைவிட மேல். அதற்குத் திறப்பு விழா கிடையாது என்பதால் கம்பெனி தயங்கும்.

இனி, பட்டியலிலேயே வராத மூன்றாவது: கடைக்குள் நடப்பது. இரவு எட்டு மணிக்குப் பட்டுப் பிரிவில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றிக்கொண்டு, கண்காணிப்பாளர் அந்தப் பக்கம் திரும்பும் நேரம் அலமாரியில் இடுப்பைச் சாய்த்துக்கொள்வார். கேரளத்தைத் தொடர்ந்து தமிழ்நாடும் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. நாற்காலி வாங்கிய செலவை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுத முடியாது. வழக்கமான வியாபாரச் செலவும் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படுவதும் அந்தக் கணக்கில் வராது. ஏரிக்கு விழா எடுக்கும் கம்பெனி நாற்காலியை மறப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

கடைக்குள் பார்க்க வேண்டிய இன்னொன்று குப்பை. கவுண்டரில் பைக்குக் காசு வாங்கினால், அந்தப் பையில் யார் விளம்பரம் இருக்கிறது என்றும் பாருங்கள். பெரிய கம்பெனி ஒன்று, தான் விற்ற பொருளின் குப்பையைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு டாஸ்மாக்கே பதில். 2022இல் உயர் நீதிமன்றம் சொன்னபடி நீலகிரியில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தந்தார்கள். பிறகு அந்த முறை மற்ற மாவட்டங்களுக்கும் போனது. வைக்க இடமில்லை, வேலைப்பளு கூடுகிறது என்று கடை ஊழியர்கள் முறையிட்டது வேறு கதை. சூப்பர் மார்க்கெட் தன் எண்ணெய் டப்பாவை அப்படி வாங்கக் கூடாதா?

என் வரிசையில் நாற்காலியும் குப்பையும்தான் முதலில். ஒப்பந்தம் வேண்டாம், அனுமதி வேண்டாம், சங்க உறுப்பினர் கடைக்குப் போகும்போதே சரிபார்க்கலாம். பங்குச்சந்தையில் உள்ள முதல் 1,000 கம்பெனிகள், சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி வெளியிடும் பொறுப்பு அறிக்கையில் கழிவு, ஊதிய விவரங்கள் இருக்கும். ஆனால் அவை நாட்டுக்கான மொத்தக் கணக்கு; மேடவாக்கம் கிளையை நாம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஏரியா பள்ளியா என்பதை மேலாளர் வரும் மாதத்தை வைத்தே ஓரளவு முடிவு செய்யலாம். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால் பிப்ரவரியில் வருவது அவசரப் பணம். அதற்குப் பள்ளி பெஞ்சு சரி. ஏப்ரலில் வந்தால் ஏரி பற்றிப் பேசலாம். தூர்வாரும் வேலை அக்டோபர் மழைக்கு முன்னால் முடிய வேண்டும். மார்ச்சுக்குள்ளும் முடியாவிட்டால், கம்பெனியின் இயக்குநர் குழு அதைத் தொடர் திட்டமாக அறிவித்து மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு மேலும் மூன்று ஆண்டு செலவிடலாம். அந்த அறிவிப்பின் நகலைக் கேட்டு வாங்கிவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.