வண்டி ஏன் இரைகிறது? – டிராக்டர் தண்டில் ஒரு பாடம்

பாடம்: அறிவியல், கணக்கு வகுப்பு: 8 முதல் 10 வரை

சம்பா உழவு தொடங்கிவிட்டால் காரைக்கால் பகுதியில் போலகம் போன்ற ஊர்களில் டிராக்டர் சத்தம் வகுப்பறைக்குள்ளும் கேட்கும். அதையே பாடமாக்கலாம். டிராக்டரையும் ரோட்டவேட்டரையும் இணைக்கும் தண்டில், முதற்கால மோட்டார் கார்களைப் படுத்திய ஒரு சிக்கலுக்கான தீர்வு இருக்கிறது.

சிக்கல்

முதற்காலக் கார்கள் பலவற்றில் பின்சக்கரங்களைச் சங்கிலி சுழற்றியது. புழுதி படிந்து அது தேய்ந்தது; இரைந்தது. 1898இல் பிரான்சின் லூயி ரெனோ தம் சிறு காரில் சங்கிலிக்குப் பதிலாகச் சுழல்தண்டைப் பொருத்தினார். ஆனால் எஞ்சின் சட்டத்தில் நிலையாக இருக்கும். பின்அச்சோ வில்லோடு மேலும் கீழும் ஆடும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. எனவே வளைந்துகொடுக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் தேவைப்பட்டது.

ஒன்று போதாது, இரண்டு வேண்டும்

ஒரே ஜாயின்ட் சாய்வாக இயங்கினால், முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் அடுத்த தண்டு சீராகச் சுழலாது. சாய்வு 20° எனில் கொசைன் 20° = 0.94. நிமிடத்துக்கு 1000 சுற்று வேகம், ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை 940 வரை குறைந்து 1064 வரை கூடும். இதுவே அதிர்வு. இரு முனைகளிலும் சம சாய்வில் ஜாயின்ட் வைத்து, நடுத்தண்டின் இரு கவைகளையும் ஒரே தளத்தில் பொருத்தினால், ஒன்றின் ஏற்றத்தாழ்வை மற்றது ஈடுசெய்யும்.

பல்லின் சாய்வு

நேர்ப்பற்களில் பல்லின் முழு அகலமும் ஒரே கணத்தில் மோதும், சத்தம் எழும். சாய்பற்களில் தொடுகை ஓர் ஓரத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பரவும். ஆனால் சக்கரம் பக்கவாட்டில் தள்ளப்படும். எதிரெதிர்ச் சாய்வில் இரு வரிசைப் பற்களைக் கூரை முகடுபோல் சேர்த்தால் அத்தள்ளலும் நீங்கும். 1919இல் கார் தயாரிக்கத் தொடங்கும் முன்பே ஆந்த்ரே சித்ரோயன் இத்தகைய பற்சக்கரங்களைச் செய்துவந்தார். சித்ரோயன் காரின் இரட்டை முகட்டுச் சின்னம் அந்தப் பற்களே.

செயல்பாடு

மெக்கானிக் கடையிலிருந்து இரு கவைகளோடு கூடிய பழைய ஜாயின்ட் ஒன்றைப் பெறுக. அதை 45° வளைத்துப் பிடித்து, ஒரு கவை வளைவின் தளத்தில் இருக்கும் நிலையிலிருந்து தொடங்குக. ஒரு பக்கத்தை 45° திருப்பி, மறுபக்கம் திரும்பிய கோணத்தைப் பாகைமானியால் அளக்கச் செய்க. தொடங்கிய நிலையைப் பொறுத்து அது சுமார் 35° அல்லது 55° இருக்கும். மேலும் 45° திருப்பினால் இரண்டும் 90°இல் ஒன்றுசேரும். இந்த வேறுபாடு ஏன் என மாணவர்களே பேசட்டும்.

மறக்கக் கூடாதது

வயலில் தண்டைக் காட்டும்போது எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகே அருகில் செல்லவேண்டும். சுழலும் தண்டு துப்பட்டாவையோ வேட்டியையோ கண நேரத்தில் சுருட்டிவிடும். தண்டின் மேலுறை உடைந்திருந்தால் வீட்டாரிடம் சொல்லி மாற்றச் செய்யுமாறு மாணவர்களுக்கு அறிவுறுத்துக. பெற்றோர் டிராக்டர் ஓட்டும் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் முதன்மையானது இதுவே.

மதிப்பீடு

1. இரு ஜாயின்ட்களின் சாய்வு சமமாக இல்லாவிட்டால் என்ன நேரும்?
2. சாய்பற்களால் கிடைக்கும் நன்மை ஒன்றும் அதன் குறை ஒன்றும் கூறுக.